எக்செல் மேக்ரோவில் ஏறத்தாழப் பெயர் பொருத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பார்ப்பவரிடம் இரண்டு பட்டியல் வந்து சேரும். ஒன்று தலைக்கட்டுப் பட்டியல்: குடும்பத் தலைவர் பெயர், தெரு, கட்ட வேண்டிய தொகை. இன்னொன்று ரசீதுப் பட்டியல்: ரசீது எண், பெயர், தெரு, கட்டிய தொகை. முதல் பட்டியல் போன தலைமுறையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து தட்டச்சானது. இரண்டாவதை வசூலுக்குப் போன இளவட்டங்கள் செல்போனில் அடித்திருப்பார்கள். முதலாவதில் 'மு. சண்முகம்', இரண்டாவதில் 'ஷண்முகம் மு'. ஒன்றில் 'ஜெயலட்சுமி', மற்றதில் 'ஜெயலக்ஷ்மி'. யார் கட்டினார், யார் பாக்கி என்று எக்செல்லைக் கேட்டால் பாதிப் பேர் கட்டவே இல்லை என்று சொல்லும்.

சங்க உறுப்பினர் பட்டியல், மொத்தக் கடைச் சரக்குப் பட்டியல், பள்ளி வருகைப் பதிவேடு என எங்கே போனாலும் இதே கதைதான். ஒரே பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தாலும் 'இது அதுவாக இருக்கலாம்' என்று சொல்லத் தெரிந்த சின்ன மேக்ரோவை, அதாவது எக்செல்லுக்குள்ளேயே எழுதி ஓடவிடும் கட்டளைத் தொகுப்பை, எழுதுவதுதான் நம் வேலை. தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பெரும்பங்கு பெயரைச் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது, ஒப்பிடும் சூத்திரத்தில் இல்லை. பலரும் சூத்திரத்தில் மெனக்கெட்டுவிட்டுச் சுத்தத்தைக் கோட்டை விடுவார்கள்.

எக்செல்லிலேயே 'ஏறத்தாழ' இருக்கிறதே?

ஒரு பெயரைக் கொடுத்தால் பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்கப் சூத்திரத்தின் நான்காவது இடத்தில் 'ட்ரூ' என்று போட்டால் 'ஏறத்தாழப் பொருத்தம்' என்று எக்செல் சொல்லும். நம்பி ஏமாறாதீர்கள். அது எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் பொருத்தம் அல்ல. பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நீங்கள் தேடும் பெயர் இல்லையென்றால் அதற்குச் சற்று முன்னால் நிற்கும் பெயரை எடுத்துக் கொடுக்கும். வருமான வரி அடுக்கு, மதிப்பெண்ணுக்கு ஏற்ற தரநிலை போன்ற எண் வேலைகளுக்கு அருமையான வசதி. பெயருக்கு வைத்தால் கணேஷ் கட்டிய பணம் பக்கத்தில் இருக்கும் கணபதியின் கணக்கில் ஏறும். இன்னும் மோசம், நான்காவது இடத்தை நிரப்பாமல் விட்டாலும் அது 'ட்ரூ' என்றே எடுத்துக்கொள்ளும். பெயர் தேடும்போது அங்கே 'ஃபால்ஸ்' போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நட்சத்திரக் குறி போட்டு 'கணே*' என்று தேடலாம்தான். பத்துப் பெயருக்குச் சரி. பட்டியல் முழுவதற்கும் உதவாது.

முதல் படி: நகல், வரிசை எண், கோப்பு வகை

மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மேக்ரோ ஷீட்டில் எதையாவது மாற்றிவிட்டால் கண்ட்ரோல்-இசட் அடித்துப் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. எக்செல் அந்த நினைவை அழித்துவிடும். இரண்டு பட்டியலிலும் முதல் நெடுவரிசையாக 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவிடுங்கள். பின்னால் எப்படிக் கலைத்து அடுக்கினாலும் பழைய வரிசைக்குத் திரும்பலாம்.

கோப்பைச் சேமிக்கும்போது 'மேக்ரோ-எனேபிள்டு வொர்க்புக்' என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண எக்செல் கோப்பாகச் சேமித்தால் எழுதிய மேக்ரோ காணாமல் போகும். அப்புறம், இந்தக் கோப்பை வாட்ஸ்ஆப்பிலோ மின்னஞ்சலிலோ இன்னொருவருக்கு அனுப்பினால் அவர் கணினியில் மேக்ரோ ஓடாமல் போகலாம். இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவைத் தடுத்து வைக்கும் வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டுவந்தது. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'அன்பிளாக்' என்பதில் டிக் வைத்தால் ஓடும். உங்களுக்குத் தெரிந்தவர் எழுதிய கோப்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். செல்போன் எக்செல்லிலும், பிரவுசரில் திறக்கும் எக்செல்லிலும் இந்த வகை மேக்ரோ ஓடாது, கணினி வேண்டும்.

இன்னொரு முன்வேலை. நோட்டிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே தட்டச்சு செய்த பட்டியல் என்றால் அது பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதா? அப்படியென்றால் முதலில் யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் பொதுவான ஓர் எண் தரும் முறைக்கு, மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. இதைச் செய்யாமல் கீழே சொல்லும் எதுவும் வேலைக்கு ஆகாது.

இரண்டாம் படி: கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள்

ஒரு செல்லில் 'கந்தன்' என்று அடித்து, பக்கத்துச் செல்லில் நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் சூத்திரம் போட்டுப் பாருங்கள். நான்கு என்று வராது, 6 என்று வரும். க, ந, புள்ளி, த, ன, புள்ளி என்று கணினி எண்ணுகிறது. நமக்கு 'ந்' ஓர் எழுத்து. அதற்கு இரண்டு குறிகள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. 'க' 2965. புள்ளி 3021. எந்தக் குறிக்கு எந்த எண் என்று தெரிய வேண்டுமானால் எக்செல்லின் 'யூனிகோட்' சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்.

இதனால் வரும் சிக்கல்கள் பல. மிக அதிகமாகத் தொல்லை தருபவை மூன்று.

ஒன்று, 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒற்றைக் குறியாக 3018 வரலாம். அல்லது ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். 'கோ' என்றால் 3019. பிரிந்தால் 3015, 3006.

இரண்டு, ஔகாரம். 'கௌரி'க்குப் பதிலாக கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம். அடித்தவர் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். ஒப்பிட்டால் 'கௌரி'க்கும் 'கெளரி'க்கும் 33 சதவீத ஒற்றுமைதான் வரும் (கணக்கிடும் முறை நான்காம் படியில்). சரி, ஒற்றைக்கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று கிளம்பினால் வெள்ளைச்சாமி சிதைந்துபோவார். அதனால் நிபந்தனை வேண்டும்: ள-வுக்கு அடுத்துப் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் மாற்று. வெள்ளைச்சாமியில் ள-வுக்கு அடுத்துப் புள்ளி வருகிறது, ஆகவே தப்பித்துவிடுவார். 'ஒளவை' என்று அடித்ததை 'ஔவை' ஆக்கவும் இதே விதி போதும்.

மூன்று, வெற்றிடம். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட இடைவெளி, இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் வரும் 160 என்ற எண்ணுடைய இடைவெளி, அகலமே இல்லாத 8203, 8204, 8205. எக்செல்லின் ட்ரிம் சாதாரண இடைவெளியை மட்டுமே அகற்றும், 160-ஐத் தொடாது. மேக்ரோ மொழியில் உள்ள ட்ரிம் இன்னும் சோம்பேறி, இரு முனைகளில் உள்ளதை மட்டும் வெட்டும், நடுவே இரண்டு இடைவெளி இருந்தால் அப்படியே விட்டுவிடும். ஆகவே மேக்ரோவுக்குள்ளிருந்தே ஷீட்டின் ட்ரிம்மைக் கூப்பிடுவது நல்லது.

மூன்றாம் படி: மாற்றுப் பட்டியலுக்குத் தனி ஷீட்

மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டருக்குத் தமிழ் வராது. அங்கே 'ஷ' என்று ஒட்டினால் கேள்விக்குறியாகிவிடும். செய்திப் பெட்டியிலும் அப்படித்தான். சிஎச்ஆர்-டபிள்யூ என்ற கட்டளைக்கு எண்ணைக் கொடுத்துத் தமிழ் எழுத்தை வரவழைக்கலாம். ஆனால் மேக்ரோ முழுக்க எண்ணாக நிரப்பினால் ஒரு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது.

என் யோசனை இது: மாற்றங்களை மேக்ரோவுக்குள் எழுதாமல் மூன்றாவது ஷீட் ஒன்றில் இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். இடப்பக்கம் 'இது வந்தால்', வலப்பக்கம் 'இப்படி மாற்று'. மேக்ரோ அந்த ஷீட்டை மேலிருந்து கீழாகப் படித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகும். புதிதாக ஒரு மாற்றம் தேவைப்பட்டால் ஷீட்டில் ஒரு வரிசை சேர்த்தால் போதும். மேக்ரோவைத் தொடவே வேண்டாம். பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் செல்லில் அடிப்பது சிரமம். எண்ணைக் கொடுத்தால் குறியைத் தரும் யூனிச்சார் சூத்திரத்தில் 3014, 3006 கொடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெயர்களுக்கு நான் வைத்துக்கொள்ளும் மாற்றுப் பட்டியல்:

| இது வந்தால் | இப்படி மாற்று |
|---|---|
| க்ஷ | ட்ச |
| ஷ, ஸ, ஜ, ஶ | ச |
| ஹ | க |
| ண, ந | ன |
| ள, ழ | ல |
| ற | ர |

ஷீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி வரிசை வேண்டும். இங்கே இடம் கருதிச் சேர்த்திருக்கிறேன். வரிசை மாறக் கூடாது. ஷ-வை முதலில் ச ஆக்கிவிட்டால் அப்புறம் க்ஷ எங்கிருந்து கிடைக்கும்? அதேபோல ஔகார வேலை இந்தப் பட்டியலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ள எல்லாம் ல ஆன பிறகு தேடிப் பயனில்லை.

ஒலியில் நெருங்கியவற்றை ஒரே குறிக்குள் அடைப்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் இதைத்தான் ஆங்கிலப் பெயர்களுக்குச் செய்தது. நம் பெயர்களுக்கு நம் எழுத்தை வைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு. 'கணேசன்', 'கனேசன்' ஒன்றாகிவிடும், நல்லது. 'வள்ளி', 'வல்லி' இரண்டும் ஒன்றாகிவிடும், அது நல்லதல்ல. அதனால்தான் மாற்றிய பெயரைப் பழைய பெயரின் மேல் எழுதாமல் 'பொருத்தப் பெயர்' என்று தனி நெடுவரிசையில் வைக்கச் சொல்கிறேன். மூலப் பெயர் பக்கத்திலேயே இருந்தால் மனிதக் கண் பிடித்துவிடும்.

தலைப்பெழுத்து விஷயமும் இங்கேயே முடிய வேண்டும். 'மு.' என்பதில் வருவது போன்ற முற்றுப்புள்ளிகளை இடைவெளியாக மாற்றி, இடைவெளியில் பெயரைத் துண்டாக்குங்கள். ஓர் எழுத்தே உள்ள துண்டு தலைப்பெழுத்து. அதை வேறு நெடுவரிசைக்கு அனுப்புங்கள். 'எஸ்', 'ஆர்', 'எம்', 'என்', 'எல்' ஆகியவை இரண்டெழுத்து என்பதால் அவற்றை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டெழுத்து எல்லாமே தலைப்பெழுத்து என்று விதி வைத்தால் மணி, ரவி, ராஜா எல்லாரும் பெயரிழந்து நிற்பார்கள். 'திரு', 'திருமதி', 'அவர்கள்', 'வகையறா', 'குடும்பத்தார்' போன்றவற்றையும் நீக்குங்கள். 'செல்வி' மட்டும் வம்பு. அது அடைமொழியும்தான், பெயரும்தான். நீக்கிய பிறகு வேறு பெயர் மிஞ்சினால் மட்டும் நீக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: தூரம் என்றால் என்ன?

சுத்தம் முடிந்தது. இரண்டு பெயர்கள் எவ்வளவு நெருக்கம் என்று எப்படி அளப்பது? சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வெளியிட்ட அளவு இன்றைக்கும் போதுமானது. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை திருத்தம் தேவை என்று எண்ண வேண்டும். ஓர் எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது, ஒவ்வொன்றும் ஒரு திருத்தம்.

மேக்ரோவுக்குப் போகுமுன் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். 'கணேசன்', 'கணேஷ்' இரண்டையும் சுத்தம் செய்யாமல் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

| | | க | ணே | ஷ் |
|---|---|---|---|---|
| | 0 | 1 | 2 | 3 |
| க | 1 | 0 | 1 | 2 |
| ணே | 2 | 1 | 0 | 1 |
| ச | 3 | 2 | 1 | 1 |
| ன் | 4 | 3 | 2 | 2 |

மேல் வரிசையிலும் இடது ஓரத்திலும் 0, 1, 2 என்று வரிசையாக நிரப்ப வேண்டும். மற்ற ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்களைப் பாருங்கள்: மேல் கட்டம் கூட்டல் 1, இடது கட்டம் கூட்டல் 1, இடது மேல் மூலையில் உள்ள கட்டம் கூட்டல் 0 அல்லது 1. அந்த இடத்தில் சந்திக்கும் இரண்டு எழுத்தும் ஒன்றானால் 0, வேறானால் 1. மூன்றில் சிறியதை எழுதுங்கள். 'ச' வரிசையும் 'ஷ்' நெடுவரிசையும் சந்திக்கும் கட்டத்தில் மேலிருந்து 2, இடமிருந்து 2, மூலையிலிருந்து 0 கூட்டல் 1, சிறியது 1. கடைசிக் கட்டத்தில் நிற்கும் 2 தான் தூரம். ஒன்றை மாற்றி, ஒன்றை நீக்கினால் கணேசன் கணேஷ் ஆகிவிடுவார்.

தூரத்தை நேராக வைத்து முடிவெடுக்க முடியாது. நீளப் பெயரில் இரண்டு திருத்தம் சின்ன விஷயம், மூன்றெழுத்துப் பெயரில் பெரிய விஷயம். ஆகவே தூரத்தை, இரண்டில் நீளமான பெயரின் எழுத்து எண்ணிக்கையால் வகுத்து, 1-இலிருந்து கழியுங்கள். இங்கே 1 − 2/4, அதாவது 50 சதவீதம்.

இப்போது முக்கியமான இடம். கணினி எண்ணும் குறிகளை வைத்து இதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? 'கந்தன்', 'கண்ணன்' இருவரும் வேறு வேறு ஆட்கள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் நான்கில் இரண்டு மாறியிருக்கிறது, 50 சதவீதம். குறிக்குக் குறி பார்த்தால் ஆறில் இரண்டுதான் மாறியிருக்கிறது, 67 சதவீதம். 'செல்வம்', 'செல்வன்' எழுத்துக் கணக்கில் 75, குறிக் கணக்கில் 86. எல்லாப் பெயரிலும் வரும் புள்ளிகள் ஒன்றோடொன்று பொருந்தி மதிப்பெண்ணை ஏற்றிவிடுகின்றன. இணையத்தில் கிடைக்கும் மேக்ரோக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதியவை. அப்படியே ஒட்டினால் இந்தக் குறிக் கணக்குதான் நடக்கும். எழுத்தாகப் பிரிக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனை (ஒன்றை வாங்கிக்கொண்டு விடை திருப்பித் தரும் மேக்ரோத் துண்டு) முன்னால் சேர்ப்பதுதான் தமிழுக்கான தனிவேலை.

ஐந்தாம் படி: மேக்ரோ எழுதுதல்

ஆல்ட், எஃப்11 சேர்த்து அழுத்துங்கள். எடிட்டர் திறக்கும். 'இன்செர்ட்' மெனுவில் 'மாட்யூல்' என்பதைச் சொடுக்கினால் வெற்றுப் பக்கம் வரும். முதல் வரியாக 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்று அடித்துவிடுங்கள். மாறிகளின் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்களின்) பெயரில் எழுத்துப் பிழை விட்டால் உடனே சொல்லும். எழுத்துப் பிழையைப் பிடிக்கும் மேக்ரோவிலேயே எழுத்துப் பிழை இருந்தால் நன்றாகவா இருக்கும்?

கட்டளைகளை ஒட்டுவதற்கு வசதியாகத் தராமல், ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் சொல்கிறேன். திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார், நிபந்தனை பார்க்கும் இஃப், சொல்லின் நடுவிலிருந்து எடுக்கும் மிட் ஆகிய மூன்றும் தெரிந்தால் நீங்களே எழுதிவிடலாம். ஃபங்ஷன்களின் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டியிருக்கும். நான்கு ஃபங்ஷன்கள் போதும்.

*சுத்தம்.* ஒரு பெயரை வாங்கும். பொருத்தப் பெயரைத் திருப்பித் தரும். முதலில் அகலமற்ற குறிகளை நீக்கு, 160-ஐச் சாதாரண இடைவெளியாக்கு. பிரிந்த கொம்பையும் காலையும் சேர். ஔகார நிபந்தனை. தலைப்பெழுத்து, அடைமொழி நீக்கம். கடைசியாக மாற்று ஷீட்டைப் படித்து 'ரிப்ளேஸ்'. ஷீட்டுகளைத் தமிழ்ப் பெயரால் அழைக்க முடியாது என்பதால் முதல் ஷீட், இரண்டாம் ஷீட் என்று எண்ணால் அழையுங்கள்.

*பிரிப்பு.* பெயரை வாங்கி, எழுத்துகள் அடங்கிய ஓர் அர்ரேயை (பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் மாறியை) தரும்.

1. எண்ணிக்கையைப் பூஜ்யமாக வை.
2. முதல் குறியிலிருந்து கடைசிக் குறிவரை ஃபார் லூப். மிட் கொண்டு ஒரு குறியை எடு. ஏஎஸ்சி-டபிள்யூ கொண்டு அதன் எண்ணைப் பார்.
3. எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ, அது தனி எழுத்தல்ல. முந்தைய எழுத்தோடு ஒட்டு.
4. இல்லையென்றால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, புதிய எழுத்தாக வை.

தட்டச்சுக் கோளாறால் பெயரே ஒரு கொம்பில் தொடங்கினால் ஒட்டுவதற்கு முந்தைய எழுத்து இருக்காது, மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் எந்தக் குறியானாலும் புதிய எழுத்தாக எடுத்துக்கொள் என்று மேலே 3 என்று எண்ணிட்ட வரியில் ஒரு நிபந்தனை சேருங்கள்.

*ஒற்றுமை.* இரண்டு பெயரை வாங்கி, 0 முதல் 1 வரை ஓர் எண் தரும். இரண்டையும் பிரிப்பு ஃபங்ஷனிடம் கொடு. இரு பரிமாண அர்ரே ஒன்றை எடுத்து, மேலே கையால் போட்ட கட்டத்தை அப்படியே நிரப்பு. ஒரு ஃபாருக்குள் இன்னொரு ஃபார், உள்ளே மூன்றில் சிறியது. கடைசிக் கட்டத்தை நீளத்தால் வகுத்து 1-இலிருந்து கழி. இரண்டு பெயரும் காலியாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். அதற்கு முன்னாலேயே 0 என்று திருப்பி அனுப்பிவிடு.

எழுதி முடித்ததும் ஷீட்டில் ஒரு செல்லில் இந்த ஃபங்ஷனைச் சாதாரணச் சூத்திரம் போலவே கூப்பிட்டுச் சோதியுங்கள். மாற்று ஷீட்டைச் சேர்க்காமல் 'கணேசன்', 'கணேஷ்' கொடுத்தால் 0.5 வர வேண்டும். 'சண்முகம்', 'ஷண்முகம்' கொடுத்தால் 0.8. 'ஜெயலட்சுமி', 'ஜெயலக்ஷ்மி' கொடுத்தால் 0.67, சுத்தம் செய்த பிறகு அதுவே 0.83 ஆகும். வேறு எண் வந்தால் எடிட்டரில் ஃபங்ஷனின் முதல் வரியில் எஃப்9 அழுத்தி நிறுத்தம் வைத்து, அந்தச் செல்லில் எஃப்2 அழுத்தி மறுபடி என்டர் தட்டி, பிறகு எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓடவிட்டுப் பாருங்கள்.

*தேடல்.* இதை ஃபங்ஷனாக அல்லாமல், நாம் ஓடவிடும்போது மட்டும் ஓடும் 'சப்' ஆக எழுதுங்கள். ஃபங்ஷனாக ஒவ்வொரு செல்லிலும் வைத்தால், பட்டியலில் ஒரு பெயரைத் திருத்தும்போதெல்லாம் மொத்தமும் மறுபடி கணக்குப் போடத் தொடங்கும், கணினி மூச்சு வாங்கும். சப் ஒரு முறை ஓடி, விடைகளை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு ரசீதுப் பெயரையும் தலைக்கட்டுப் பெயர்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, நான்கு விடைகளை எழுத வேண்டும்: மிக நெருங்கிய பெயரின் வரிசை எண், அந்தப் பெயர், அதன் மதிப்பெண், அடுத்த நெருங்கிய பெயரின் மதிப்பெண்.

அந்தக் கடைசி விடையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரசீதில் 'செல்வர்' என்று இருக்கிறது. தலைக்கட்டில் 'செல்வம்' ஒருவர், 'செல்வன்' ஒருவர். இரண்டுக்கும் 75. மேக்ரோ முதலில் கண்ணில் பட்டவரைக் காட்டும். அடுத்த மதிப்பெண்ணும் 75 என்று பக்கத்தில் தெரிந்தால்தான் இங்கே இரண்டு பேர் போட்டியில் இருக்கிறார்கள் என்பது நமக்குப் புரியும்.

மாறிகளை அறிவிக்கும்போது 'இன்டிஜர்' வேண்டாம், 'லாங்' போடுங்கள். இன்டிஜர் 32,767-க்கு மேல் தாங்காது. பெரிய பட்டியலில் 'ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிடும்.

வேகம்

900 தலைக்கட்டு, 1,200 ரசீது என்றால் 10,80,000 ஒப்பீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். மூன்று விஷயம் செய்தால் தாங்கும். செல்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல் நெடுவரிசை முழுவதையும் ஒரே வரியில் ஓர் அர்ரேயில் வாங்கிக்கொள்ளுங்கள்; வேக வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அடுத்தது, நீளம் பார்த்துத் தள்ளுவது. மூன்றெழுத்துப் பெயருக்கும் ஆறெழுத்துப் பெயருக்கும் எவ்வளவு பொருந்தினாலும் 50 சதவீதத்துக்கு மேல் வராது. 70-க்குக் குறைந்ததை நீங்கள் பார்க்கப்போவதில்லை என்றால் கட்டமே போட வேண்டாம். மூன்றாவது, தெரு. ஒரே தெருவில் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டால், பன்னிரண்டு தெருவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் ஊரில், 90,000 ஒப்பீட்டோடு வேலை முடிந்துவிடும். தவறான ஆளோடு பொருத்துவதும் குறையும். ஆனால் தெருப் பெயர்களை முதலில் கையாலேயே ஒழுங்குபடுத்திவிடுங்கள். 'மேலத்தெரு', 'மேலதெரு', 'மேல தெரு' என்று இருந்தால் இந்த வசதியே வினையாகிவிடும்.

மதிப்பெண்ணை என்ன செய்வது?

விடைகளை மதிப்பெண் வாரியாக இறங்குவரிசையில் அடுக்குங்கள். 90-க்கு மேல் இருந்து, தலைப்பெழுத்தும் ஒத்து, அடுத்த மதிப்பெண் வெகு கீழே இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாம். 70-க்கும் 90-க்கும் நடுவில் இருப்பவைதான் உண்மையான வேலை. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே பெரும்பாலும் குப்பை, ஆனாலும் மேலோட்டமாக ஓட்டிப் பாருங்கள். கணேஷ், கணேசன் மாதிரி ஆட்கள் அங்கே பதுங்கியிருப்பார்கள். இந்த 70, 90 எல்லாம் கல்வெட்டு இல்லை. உங்கள் பட்டியலில் முதல் ஐம்பது வரிசையைக் கையால் சரிபார்த்து, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே தவறுகள் பெருகுகின்றன என்று பார்த்துக் கோட்டை நகர்த்துங்கள்.

ஒரு தலைக்கட்டுக்கு இரண்டு ரசீது பொருந்தினால் அது பிழை என்று பதறாதீர்கள். இரண்டு தவணையாகக் கட்டுபவர்கள் உண்டு. தொகையைக் கூட்டிப் பாருங்கள்.

பணம் சம்பந்தப்பட்ட கணக்கில் மேக்ரோவின் விடையை நேராகப் பேரேட்டில் ஏற்றும்படி எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி. 'உறுதி' என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். மனிதர் பார்த்து 'சரி' என்று எழுதிய வரிசை மட்டும் கணக்கில் ஏறட்டும்.

மேக்ரோ வேண்டாம் என்பவர்களுக்கு

பட்டியல்களைச் சீராக்கி இணைக்க எக்செல்லில் உள்ள பவர் குவெரி என்ற வசதியில் இரண்டு பட்டியலை இணைக்கும் 'மெர்ஜ்' பெட்டியில் 'ஃபஸி மேட்ச்சிங்' என்று ஒரு டிக் இருக்கிறது. ஒற்றுமை அளவை நீங்கள் மாற்றாவிட்டால் 0.8. மாற்றுச் சொல் பட்டியலையும் அதற்குக் கொடுக்க முடியும். ஒரு வரி எழுதாமல் வேலை நடக்கும். என்றாலும் தமிழுக்குரிய சுத்த வேலையை அது செய்யாது. பொருத்தப் பெயர் நெடுவரிசையைத் தயார் செய்துவிட்டு அதைக் கொடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் அதற்கான மேக்ரோ மொழியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் இதே நான்கு ஃபங்ஷன்களை எழுதலாம். அங்கே தமிழை நேராகவே அடிக்கலாம், கேள்விக்குறித் தொல்லை இல்லை. பிரிந்த கொம்பையும் காலையும் சேர்க்க 'நார்மலைஸ்' என்ற கட்டளை தயாராக இருக்கிறது. கெ, ள, ரி சிக்கலை மட்டும் அது தீர்க்காது. யூனிகோட் கணக்கில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். செல்லில் சூத்திரமாகக் கூப்பிடும் ஃபங்ஷன் 30 விநாடிக்குள் விடை தர வேண்டும் என்ற வரம்பும் அங்கே உண்டு; அதனால் தேடலை மெனுவிலிருந்து ஓடும்படி வையுங்கள்.

எதில் செய்தாலும் முடிந்த வேலையைத் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் பார்த்து 'சரி' என்று உறுதி செய்த ஜோடிகளை நான்காவது ஷீட்டில் சேர்த்து வையுங்கள்: ரசீதில் வந்த பெயர், தெரு, தலைக்கட்டு எண். தேடல் மேக்ரோ முதலில் அந்த ஷீட்டைப் பார்க்கட்டும். அங்கே இருந்தால் ஒப்பீடே இல்லாமல் விடையை எழுதட்டும், இல்லாதவற்றுக்கு மட்டும் கட்டம் போடட்டும். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு 'ஷண்முகம் மு' மறுபடி வந்தால் யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்காது.